மோமி ஆண்ட்டியின் வால்நட்சத்திரம்

சிப்ஸ் பாக்கெட்டை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டுத்தான் மோமி ஆண்ட்டி வண்டியைக் கிளப்புவார். தொலைநோக்கிகள் நிற்கும் மௌனா கேயா மலையில் பாதி தூரம் ஏறும்போதே பாக்கெட் உப்பத் தொடங்கும். உச்சியில் தவில் மாதிரி ஆகிவிடும். அது வெடித்தால் அன்றைக்கு வானம் தெளிவாக இருக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. வெடிக்காத நாளில் தானே குத்தி வெடிக்க வைப்பார்.

அடிவாரத்து ஹிலோ ஊரின் மழையில் ரப்பர் செருப்போடு கிளம்புகிறவர், மேலே போனதும் இரண்டு ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு, டின் இறைச்சி வைத்த முசுபிச் சோற்றைக் கடித்தபடி தொலைநோக்கியை ஓட்டுவார். வருகிற விஞ்ஞானிகளை மிரட்டுவது அவருக்குப் பொழுதுபோக்கு. "ஓடாதீங்கப்பா, இங்க காத்து கம்மி. மயங்கி விழுந்தா தூக்கிட்டு எறங்க என்னால ஆவாது." கருவிகளைப் பழுதுபார்க்கும் எனக்கும் தினமும் திட்டு உண்டு. ஒருநாள் வாங்காவிட்டால் என்னவோ போல இருக்கும்.

வால்நட்சத்திரத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க, ஒரு விண்கலம் அதன்மேல் செம்புக் குண்டை மோதவிட்ட மாலை அது. எங்கள் காலுக்குக் கீழே கிடக்க வேண்டிய மேகம் உச்சிக்கே ஏறி வந்துவிட்டது. கிரெட்டா என்ற விஞ்ஞானி வருடக்கணக்காகக் காத்திருந்தது இந்த ஓர் அடிக்காகத்தான். இன்னொரு தடவை கிடையாது.

"ஆண்ட்டி, கூரையக் கொஞ்சமாவது திறங்களேன்!"

"கண்ணாடி நனைஞ்சிடும். ஒக்காந்து சோறு தின்னு."

மேகம் இறங்கியதும் ஆண்ட்டி அடித்துப் பிடித்துக்கொண்டு கூரையைத் திறந்தார். அந்த அவசரத்தில், நட்சத்திரங்களைத் தொடரும் வேகத்திலேயே தொலைநோக்கியை ஓடவிட்டார். வால்நட்சத்திரத்துக்கோ தனி நடை. திரையில் அது புள்ளியாக நிற்காமல் கோடாக இழுபட்டது. கடிகாரம் மோதும் நேரத்தைத் தாண்டிவிட்டிருந்தது.

"ஐயோ, போச்சே! ஒம் பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டேனே!" என்று ஆண்ட்டி தலையில் அடித்துக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

கிரெட்டா அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அடி விழுந்தாச்சு ஆண்ட்டி. ஆனா அந்த வெளிச்சம் இங்க வந்து சேர ஏழு நிமிஷத்துக்கு மேல ஆகும். இன்னும் வழியிலதான் இருக்கு. சட்டுனு வேகத்த மாத்துங்க!"

ஆண்ட்டி மூக்கை உறிஞ்சிக்கொண்டே விசைகளைத் தட்டினார். கோடு சுருங்கிப் புள்ளியானது. மூவரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். மங்கலாகக் கிடந்த புள்ளி மெல்லப் பெருத்தது. பிறகு பளிச்சென்று ஆனது.

கிரெட்டா கத்திய கத்தலில் கதவு அதிர்ந்தது. நான் குதித்தேன், தலை சுற்றி நாற்காலியில் விழுந்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. ஆண்ட்டி மட்டும் நம்பவில்லை. ஸ்வெட்டர் கையை விரல் மூட இழுத்து, அந்தப் புள்ளியின் மேல் வைத்து, அழுக்கைப் போக்குவதுபோல் திரையை அழுத்தி அழுத்தித் துடைத்தார்.