மூன்று பலகைகளும் ஒரே கோப்பையும்

ஜப்பான்காரர்களைத் தங்களுக்குள் மோதவிட்டு, அந்தச் சந்தடியில் அரிசி விற்றுவிடலாம் என்று ஒரு காலத்தில் நான் மனமார நம்பியிருந்தேன். இதை எழுதும்போது இப்போதும் காது சூடாகிறது. ஆனாலும் வேறு யாராவது சொல்லித் திரிவதற்குள் நானே சொல்லிவிடுவது உத்தமம்.

முதல் உலக யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ரங்கூனில், போட்டாதாங் படித்துறைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன அரிசி மில்லில் நான் வியாபாரக் குமாஸ்தா. மில்லின் சொந்தக்கார அம்மாள் தமிழ்த் தகப்பனாருக்கும் பர்மியத் தாயாருக்கும் பிறந்தவர். வாயிலிருந்து சுருட்டை எடுக்காமலே இரண்டு பாஷையிலும் வையக்கூடியவர். அங்கத்திய வழக்கப்படி என்னை 'சயா' என்று மரியாதையாக அழைப்பார். அந்த மரியாதைக்கு என்னிடம் இருந்த ஒரே ஆதாரம், எங்கள் மூட்டைகளைக் கப்பலுக்குக் கொண்டுபோகும் படகுக் கம்பெனியோடு ஒவ்வொரு பருவமும் மல்லுக்கு நின்று கூலியைக் குறைத்துவிட்டு வருவதுதான்.

அந்த வருஷம் அரிசி விலைபோகாமல் தேங்கிவிட்டது. மழை நெருங்கிக்கொண்டிருந்தது. கிட்டங்கிக் கூரையோ மேகத்தைப் பார்த்தாலே ஒழுகும். சரக்கு நனைந்தால் மில்லை மூட வேண்டியதுதான். வாங்க முன்வந்தது ஒரே ஒரு ஜப்பானிய வர்த்தகக் கம்பெனி. "கப்பலில் இடம் இல்லை, மழைக்குப் பிறகுதான் எடுக்க முடியும்" என்று அவர்களும் கையை விரித்துவிட்டார்கள்.

ஸ்ட்ராண்ட் ரோட்டில் அந்த வர்த்தகக் கம்பெனியை ஒட்டி ஒரு ஜப்பானியக் கப்பல் கம்பெனியும் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியும் இருந்தன. மூன்று பெயர்ப்பலகைகள், மூன்று மானேஜர்கள். கப்பல்காரரைக் கையில் போட்டுக்கொண்டு நாமே நேராக அனுப்பிவிட்டால் என்ன என்று எனக்கு ஞானம் பிறந்தது.

"போய்ப் பாருங்க சயா. வாயை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கங்க" என்றார் அம்மாள்.

வாயைத் தவிர எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டேன். கப்பல் மானேஜர் இடுப்பு வரை குனிந்து வரவேற்று டீ கொடுத்தார். "உங்கள் கப்பலில் ஏற்றி அந்த வர்த்தகக்காரர்கள் கொழுக்கிறார்கள், உங்களுக்கு வெறும் கூலிதான்" என்றேன். அவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். தலையாட்டினால் சம்மதம் என்பது நம்மூர்க் கணக்கு. அந்தத் தெம்பில் இன்ஷூரன்ஸ் ஆபீஸுக்குப் போய், மற்ற இருவரையும் பற்றிச் சேர்த்தே சொன்னேன். அங்கேயும் டீ. கோப்பையில் கப்பல் ஆபீஸில் பார்த்த அதே நீல முத்திரை. பக்கத்தில் பானைக்குப் பேர்போன த்வாண்டேயில் எல்லாப் பானைக்கும் ஒரே முகம் இருப்பதில்லையா, ஜப்பானிலும் ஊருக்கு ஒரே குயவர் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் கப்பல் மானேஜர் கூப்பிட்டனுப்பினார். போனால் மூன்று மானேஜர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நாலாவது கோப்பை எனக்கு. யாரும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எழுந்து வந்திருக்கலாம்.

மூவரில் மூத்தவரான கப்பல் மானேஜர் நிதானமான இங்கிலீஷில் விளக்கினார். மூன்று கம்பெனிகளின் பங்குகளும் டோக்கியோவில் இன்னொரு கம்பெனியிடம் இருக்கின்றனவாம்.

"அந்தக் கம்பெனி என்ன விற்கிறது?"

"ஒன்றும் விற்பதில்லை. எங்களை வைத்துக்கொண்டிருக்கிறது."

அது ஒரு குடும்பத்துச் சொத்து. பங்கை வெளியாருக்கு விற்கக்கூடாது, அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொள்ளக்கூடாது என்று அவர்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு சட்டம் உண்டு.

"அப்படியானால் ஆள்வது அந்தக் குடும்பமா?"

"சொந்தம் அவர்களுடையது. நடத்துகிறவர் எங்களைப்போலச் சம்பளத்துக்குச் சேர்ந்து மேலே போனவர்."

"முதலாளியை நீங்கள் பார்த்ததுண்டா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஒரு முறை. முதுகை."

திரும்பி நடந்து வரும்போது வழியில் செட்டியார் கடைகள். அவற்றின் முதலாளிகள் காரைக்குடிப் பக்கம் இருக்கிறார்கள். இங்கே சம்பள ஏஜெண்டு வைத்ததுதான் சட்டம். வைத்திருப்பவர் ஒருவர், நடத்துகிறவர் ஒருவர், நடுவில் கடல். தினமும் அந்தக் கடைகளைத் தாண்டிப் போகிறவனுக்கு ஜப்பானியப் பலகையைப் பார்த்ததும் கண் கட்டிவிட்டது. அதைவிட வேறொன்று உறுத்தியது. விற்கவும் பிரிக்கவும் முடியாத ஒன்றுக்கு ஒருவர் சொந்தக்காரரா, காவல்காரரா? நடத்துகிறவரோ எல்லாவற்றுக்கும் உத்தரவு போடலாம். ஒரு செங்கல்லையும் தன்னுடையது என்று சொல்ல முடியாது. இருவரில் யார் யாரைப் பிடித்து வைத்திருக்கிறார்? அன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. இன்றைக்கும், விளங்கியதாகக் காட்டிக்கொள்ளத்தான் பழகியிருக்கிறேன்.

அம்மாளிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சுருட்டை அணைத்தார்; அபூர்வமான காரியம். பட்டுத் தமெயினை உடுத்திக்கொண்டு, என்னையும் குதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டு நேரே வர்த்தகக் கம்பெனிக்குப் போனார்.

"மூணு பேரும் ஒரே வீடாமே. நல்லது" என்று மானேஜரிடம் ஆரம்பித்தார். நான் இங்கிலீஷில் சொன்னேன். "அப்ப கப்பல்ல இடமில்லைன்னு யாரு யாருகிட்டச் சொன்னது? அண்ணன் கேட்டு தம்பி இல்லைன்னானா?"

மானேஜர் மேஜை மணியைத் தட்டினார். பிறகு டீ வந்தது. விலை ஏறவில்லை. ஆனால் மழைக்கு முன்பே எங்கள் மூட்டைகளுக்குக் கப்பலில் இடம் கிடைத்துவிட்டது. மில் பிழைத்தது.

வண்டியில் திரும்பும்போது எனக்கு மெல்ல உயிர் வந்தது. "இனிமேல் பலகையைப் பார்த்து ஏமாறமாட்டேன் அம்மா. பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் பேச்சு. நாளைக்கு முதல் வேலையாக அந்தப் படகுக் கம்பெனிக்காரனை ஒரு கை பார்க்கிறேன்" என்றேன்.

அம்மாள் புதுச் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டார்.

"அதுவும் என்னுதுதான் சயா. நீங்க ஒவ்வொரு தடவையும் சண்டை போட்டுட்டு சந்தோஷமா வந்தீங்க. அதான் சொல்லல."