கழுத்தில் ஒட்டியிருந்த டிரெசிங்

இஸ்மாயிலுக்கு உடம்பு தூக்கிப்போட்டு நடுங்கியபோது எனக்கு ஆத்திரம்தான் வந்தது. சாய்ந்தமருதில் மீன்பிடிக்கிற மனிதர். நியூமோனியாவோடு நான் நர்ஸாக இருக்கும் ஐ.சி.யு.வுக்கு வந்து, ஒருவாறு தேறிக்கொண்டிருந்தார். மூச்சு மெஷினைக் கழற்றலாம் என்று டொக்டர் கதைத்த அன்றே இந்தப் புதுக் காய்ச்சல்.

நான் முதலில் பார்த்தது கழுத்தை. மருந்து ஏற்றப் பெரிய நரம்புக்குள் போட்ட குழாய், நாங்கள் லைன் என்போம், அங்கேதான் இருந்தது. லைன் தோலுக்குள் நுழைகிற இடத்தில் கிருமிகொல்லி ஜெல் வைத்த டிரெசிங் ஒட்டுவோம். அது இறுக ஒட்டியிருக்கும்வரைதான் காவல். நனைந்தால், ஓரம் எழும்பினால் உடனே மாற்றவேண்டும். தினமும் பார்த்தோம், ஒட்டித்தான் கிடந்தது. அன்று விரலால் நெருடிப் பார்த்தேன். அடியில் ஈரம்.

அவருடைய மனைவி பரீதா தண்ணீர்ப் போத்தலோடு வாசலில் நின்றாள்.

"தங்கச்சி, கழுத்தில தண்ணி பட்டதா?"

"ஓம் மிஸ். பள்ளிவாசல் லெப்பை ஓதித் தந்த தண்ணி. பின்னேரம் வரக்குள்ள முகத்திலயும் கழுத்திலயும் தடவுவன்."

"ஒட்டு எழும்பல்லியா?"

"எழும்பிச்சி. நீங்க ஏசுவீங்க எண்டு நானே நல்லா அமத்தி உட்டன்."

"தொடவேணாம் எண்டு சொன்னமே!"

"குழாயத் தொடல்ல மிஸ்."

உண்மைதான், குழாயை அவள் தொடவே இல்லை. குழாயை மட்டும்தான் தொடக்கூடாது என்று விளங்கியிருந்தாள். நான் டொக்டரைக் கூப்பிட்டேன்.

டொக்டர் அந்த லைனை உருவிவிட்டு வேறிடத்தில் புதிது போட்டார். இரத்தத்தில் கிருமி இருந்தது. மருந்தை மாற்றிப் பார்த்தோம். ஏற்கெனவே களைத்த உடம்பு, தாங்கவில்லை. உயிர் பிரிந்து மௌத்தாகிவிட்டார்.

அடக்கம் செய்ய ஜனாஸாவை எடுக்க ஆட்கள் வந்தபோது பரீதா என் கையைப் பிடித்தாள்.

"மிஸ், நான் தடவின தண்ணியாலயா?"

"கிருமி எப்பிடிப் போனதெண்டு ஆராலயும் உறுதியாச் சொல்லேலாது, தங்கச்சி."

அது பொய்யில்லை. ஆனால் 'இல்லை' என்ற ஒரு சொல்லுக்காகத்தான் அவள் கேட்டாள். அதை என்னால் சொல்ல முடியவில்லை. அவள் மெதுவாக என் கையை விட்டாள்.

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளே, வெறுமனே 'தொடாதீங்க' என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். புருஷனைப் பார்க்க வந்தவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கமாட்டாள். அவருடைய உள்ளங்கையைக் காட்டி, ஓதின தண்ணியை அங்கே தடவச் சொல்லுங்கள். ஒட்டு எழும்பினால் கூப்பிடச் சொல்லுங்கள். ஏசமாட்டோம் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.