பொற்கொடியின் ஒழுகும் தேய்ப்புப் பெட்டி

புதன்கிழமை காலை பத்தரை மணிக்குப் பொற்கொடியின் வெள்ளை நட்சத்திரத்தில் பழுப்பு நிறமாக ஒரு சொட்டு விழுந்தது. பதறிப்போய்த் தேய்ப்புப் பெட்டியைத் தூக்கினாள். தூக்கிய வேகத்தில் இன்னும் நான்கு சொட்டுகள் விழுந்தன.

“அட கெரகமே!”

இரண்டாம் ஷிப்ட் என்பதால் வீட்டில் இருந்த அவள் கணவன் ராசப்பன் எட்டிப் பார்த்தான்.

“என்ன புள்ள, கையச் சுட்டுக்கிட்டயா?”

“கை சுட்டிருந்தாக்கூடப் பரவால்லீங்க. நட்சத்திரம் போச்சுங்க!”

ராசப்பன் குனிந்து பார்த்தான். “டீ குடிச்சவன் தும்முன மாதிரி இருக்குது,” என்றான். அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டு நகர்ந்தான்.

அந்த நட்சத்திரம் ஒரு போர்வையின் நடுவில் வர வேண்டியது. துண்டுத் துணிகளைக் கட்டம் கட்டமாகச் சேர்த்துத் தைத்து, உள்ளே பஞ்சு வைத்து, மேலெல்லாம் தையல் ஓட்டிய கனத்த போர்வை. 1997இல் சிங்காநல்லூரில் அதற்கு யாரிடமும் பெயர் இல்லை. அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போய்வந்த மில்லுக்கார வீட்டு வெங்கடலட்சுமி அம்மாதான் “இதுக்குப் பேரு குயில்ட்” என்று சொல்லிக் கொடுத்தார். தெருவில் அது ஒரே நாளில் குயில் போர்வை ஆகிவிட்டது. எதிர்வீட்டு நஞ்சம்மாள் போர்வையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “குயிலு எங்க கண்ணு? ஒண்ணையுங் காணமே!” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பொற்கொடி பிறந்தது கொடுமுடிப் பக்கம். அப்பனும் ஆத்தாளும் அடுத்தவர் மஞ்சக்காட்டில் கூலிக்குப் போனவர்கள். பதினெட்டு வயதில் கல்யாணமாகிச் சிங்காநல்லூருக்கு வந்தவள், துணி ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் பதினான்கு வருடம் தைத்தாள். சட்டை தைத்தாள் என்று சொல்ல முடியாது. முதல் எட்டு வருடம் இடது கை மட்டும். அப்புறம் ஆறு வருடம் காலர் மட்டும். வலது கையை யார் தைத்தார்கள், முழுச் சட்டை எந்த ஊரில் யார் உடம்பில் ஏறியது என்று அவளுக்குத் தெரியாது. கம்பெனியை விட்டு, வீட்டில் மிஷின் போட்டு ரவிக்கை தைக்க ஆரம்பித்த பிறகுதான் ஒரு துணியை அவள் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை பார்த்தாள்.

சென்னிமலையிலிருந்து பெட்ஷீட் வெட்டுத்துண்டுகள் மூட்டை மூட்டையாக மலிவாகக் கிடைத்தன. ரவிக்கை வேலை இல்லாத மத்தியானங்களில் அவற்றைச் சேர்த்துத் தைத்து விளையாடினாள். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த வெங்கடலட்சுமி அம்மா அதைப் பார்த்தார். மாதர் சங்கக் கண்காட்சி வருகிற ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் நடக்கிறது, வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் இதை மாட்டலாம் என்றார்.

“கீழ உன்ற பேரு எழுதி அட்டை வெக்கறோம் கண்ணு. ஆனா சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள என்ற கையில குடுத்துப்போடோணும். இல்லாட்டி அந்த எடத்துல ஒரு தஞ்சாவூர்ப் படம் மாட்டிருவாங்க. படத்துக்காரங்களுக்கும் ஆள் சிபாரிசு இருக்குது.”

அதைக் கேட்டதிலிருந்து பொற்கொடிக்குக் கால் தரையில் பாவவில்லை. சுற்றுக் கட்டங்கள் எல்லாம் முடிந்துவிட்டன. நடு நட்சத்திரம் ஒன்றுதான் பாக்கி. அதன் மேல்தான் இப்போது ஐந்து சொட்டுகள்.

பெட்டி சாதாரணப் பெட்டி அல்ல. துபாயில் ஏ.சி. மெக்கானிக்காக இருக்கும் அவள் தம்பி வேலன் பொங்கலுக்கு வந்தபோது கொண்டுவந்த ஸ்டீம் அயர்ன். இளநீல உடம்பு, வயிற்றில் தண்ணீர்த் தொட்டி, பொத்தானை அமுக்கினால் புஸ்ஸென்று ஆவி. தெருவே வந்து பார்த்த பெட்டி.

அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் எலெக்ட்ரிக் ரிப்பேர் கடை வைத்திருந்த ஆல்வினிடம் போனாள். ஆல்வின் பெட்டியைக் கழற்றினான், ஊதினான், தொட்டியைக் கழுவினான், மாட்டினான். தண்ணீர் ஊற்றிப் பழைய கால்சட்டை ஒன்றின் மேல் ஓட்டினான். ஒரு சொட்டு இல்லை.

“பெட்டி சோக்கா இருக்குதுங்க்கா. ஒரு கோளாறும் இல்ல.”

வீட்டுக்கு வந்து ஒரு கந்தையில் ஓட்டிப் பார்த்தாள். ஒழுகியது.

மறுபடி கடைக்குப் போனாள். ஆல்வின் ஓட்டினான். ஒழுகவில்லை.

“ஏனுங்க்கா, என்ற கடைக்கு வந்தா இது நல்ல புள்ளையாட்ட இருக்குது. உங்கூட்டுல என்னத்தக் குடுத்து இப்புடிக் கெடுத்து வெச்சிருக்கறீங்க?”

“கேலி பேசாத ஆல்வினு. எனக்கு அழுகையா வருது.”

“செரி, சித்தெ இருங்க. நானே வாரேன்.”

கடையைப் பக்கத்துச் சைக்கிள் கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவளோடு நடந்தான். வீட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். “நீங்க எப்பவும் எப்புடிச் செய்வீங்களோ அப்புடியே செய்யுங்க. நான் வாயே தெறக்கல.”

பொற்கொடி குடத்திலிருந்து நல்லதண்ணியை ஒரு சொம்பில் மொண்டாள். தொட்டியின் வாயில் ஊற்றினாள். பாதி வந்தது. ஊற்றினாள். அளவுக் கோடு வந்தது. இன்னும் ஊற்றினாள். விளிம்பில் தண்ணீர் பளபளவென்று தளும்பி நின்றதும் நிறுத்தினாள்.

வாயைத் திறக்காமல் இருப்பதாகச் சொன்ன ஆல்வின் அரை நிமிஷம்கூடத் தாங்கவில்லை.

“அக்கா, பொட்டிக்குத் தண்ணி ஊத்தறீங்களா, சம்பந்தி ஊட்டாளுக்கு மோர் ஊத்தறீங்களா?”

“அரைகொறையா ஊத்துனா நல்லாவா இருக்கும்?”

“அந்தக் கோடு எதுக்குப் போட்டிருக்கறான்?”

“அதுக்குக் கம்மியா ஊத்தக்கூடாதுன்னுதான?”

ஆல்வின் நெற்றியில் கை வைத்தான். கொங்கு வீட்டில் வந்தவருக்கு டம்ளர் நிறைய ஊற்றாவிட்டால் மனசு இல்லை என்று அர்த்தம். பொற்கொடி அந்தப் பழக்கத்தைத் துபாய்ப் பெட்டியிடமும் காட்டியிருந்தாள்.

“அதுக்கு மேல ஊத்தக்கூடாதுங்க்கா! செரி, வேலை முடிஞ்சா மிச்சத் தண்ணியக் கவுத்து ஊத்தறீங்களா?”

“ஊட்டுல ஏனத்தைக் காலியா வெப்பாங்களா? அதுலயும் வெள்ளிக்கிழமையில!”

“அப்ப பொங்கல்ல இருந்து இதுக்குள்ள தண்ணி நின்னுக்கிட்டே இருந்துதா?”

“நெறைச்சு நெறைச்சுத்தான் வெச்சேன்,” என்றாள் பொற்கொடி, சற்றுக் குரல் தாழ்ந்து.

பழுப்பு நிறம் எங்கிருந்து வந்தது என்பது விளங்கிவிட்டது. ஆல்வின் சூட்டுத் திருகைப் பார்த்தான். முள் ஒற்றைப் புள்ளியில் நின்றது.

“இதென்னுங்க, பட்டுக்கு வெக்கற சூடு?”

“பாரின் பொருளு. சூடு தாங்காமப் போயிருச்சுன்னா வேலனுக்கு என்ன பதில் சொல்றது?”

ஆல்வின் சிரித்த சிரிப்பில் ஸ்டூல் ஆடியது. தண்ணீர் ஆவியாக வேண்டுமென்றால் பெட்டி நன்றாகச் சுட வேண்டும். சூடு போதாவிட்டால் தண்ணீர் தண்ணீராகவே ஓட்டை வழியாக இறங்கும். இந்த வீட்டில் பெட்டிக்கு மரியாதை கூடிப்போய்த்தான் அது ஒழுகியிருக்கிறது. திருகை மூன்று புள்ளிக்குத் திருப்பி, பாதித் தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றி, பெட்டியின் சூட்டு விளக்கு அணையும்வரை காத்திருந்து ஓட்டினான். புஸ்ஸென்று வெள்ளை ஆவி வந்தது. சொட்டு வரவில்லை. பொற்கொடி கைதட்டினாள்.

அடுத்த கேள்வி, வெள்ளைத் துணி. பெட்ஷீட் வெள்ளை தீர்ந்துபோயிருந்தது. பீரோவைத் திறந்தாள். ராசப்பன் ஆடி நோம்பிக்கு வாங்கிய வேட்டி மடிப்புக் கலையாமல் இருந்தது.

“ஏனுங்க…”

“வேண்டாம் புள்ள. அத நான் ஒருக்காத்தான் கட்டியிருக்கறேன்.”

“பாதி போதுமுங்க.”

“பாதி வேட்டிய எவன் கட்டுவான்?”

“துண்டாப் போட்டுக்குங்க.”

வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் இரண்டாவது நட்சத்திரம் தயாரானது. சிவப்பும் வெள்ளையுமாக முக்கோணங்களைச் சேர்த்து, ஒவ்வொரு தையலையும் நல்ல சூட்டில், நல்ல ஆவியில் இழுத்து இழுத்துத் தேய்த்தாள். ஒரு கறை இல்லை. ஆனால் தரையில் விரித்ததும் நட்சத்திரம் படுக்க மறுத்தது. நடுவில் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு நின்றது. ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழுந்தது. அளந்து பார்த்தால் முக்கோணங்கள் அரை விரற்கடை நீண்டிருந்தன.

பதினான்கு வருடம் கம்பெனியில் தைத்தவளுக்குக் காரணம் கண்டுபிடிக்க வெகுநேரம் ஆகவில்லை. முக்கோணத்தின் ஒரு பக்கம் துணியின் இழைக்குச் சாய்வாக, குறுக்குவாட்டில் வெட்டப்பட்டது. குறுக்குவெட்டு இழுத்தால் நீளும். ஈரமும் சூடும் சேர்ந்தால் இன்னும் நீளும். பெட்டியின் பெயரிலேயே தேய்ப்பு இருப்பதால் எல்லோரையும் போல அவளும் தேய்த்துவிட்டாள். இந்த வேலைக்குத் தேய்க்கவே கூடாது. வைத்து அமுக்கி எடுக்க வேண்டும். அதற்கு ஆவி உதவாது, கனம்தான் உதவும்.

துபாய்ப் பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தாள். பப்பாளிக்காய் எடைகூட இல்லை.

வெள்ளிக்கிழமை காலை முதல் பேருந்தில் காந்திபுரம் போனாள். மஞ்சள் பையில் சேர்த்துத் தைத்த முக்கோணங்கள் பத்து இருந்தன. கிராஸ்கட் ரோட்டில் பாத்திரமும் மின்சாதனமும் விற்கும் பெரிய கடை ஒன்றில் ஏறி, “அயர்ன் பாக்ஸ் பாக்கோணுங்க” என்றாள்.

கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார். பொற்கொடி பையிலிருந்து துணியை எடுத்தாள்.

“பிளக்கு எங்கீங்க இருக்குது?”

“பிளக்கு எதுக்குங்க?”

“தேச்சுப் பாக்கறதுக்கு.”

“இங்கயா? அப்புடியெல்லாம் வழக்கமில்லீங்கம்மா.”

“சேலை வாங்கறப்ப மேல போட்டுப் பாக்கறதில்லீங்களா? செருப்பு வாங்கறப்ப கால உட்டுப் பாக்கறதில்லீங்களா?”

மிக்ஸி பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் திரும்பினாள். “அவங்க கேக்கறது நாயந்தானுங்க. போன வருசம் நான் வாங்குனது ஊட்டுக்குப் போனதும் ஒழுகுச்சு.” பின்னால் நின்ற இருவர், “எங்கூட்டுதும்தான்” என்றார்கள். கூட்டம் சேர்வதைப் பார்த்த கடைக்காரர் பேசாமல் ஒயரை நீட்டினார்.

முதல் பெட்டி பளபளப்பாக இருந்தது, ஆனால் கையில் எடையே தெரியவில்லை. இரண்டாவது ஸ்டீம் பெட்டி. தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, கோடு வரைக்கும் மட்டும் ஊற்றி, மூன்று புள்ளியில் வைத்தாள். “கோட்டுக்கு மேல ஊத்துனா எல்லாப் பொட்டியும் ஒழுகுமுங்க,” என்று சுற்றி நின்றவர்களுக்குச் சொல்லவும் சொன்னாள். ஒழுகவில்லை. ஆனால் சின்னத் தையல்மேல் வைத்து எடுத்தால் அடித்தகட்டின் ஓட்டைகள் புள்ளி புள்ளியாகப் பதிந்தன. மூன்றாவதன் முனை மழுங்கியிருந்தது, மூலைக்குள் போகவில்லை.

“அந்தக் கீழ்த்தட்டுல இருக்கறது என்னுங்க?”

“அது பழைய மாடலுங்கம்மா. ஆவி கீவி ஒண்ணும் வராது. யாரும் கேக்கறதில்ல.”

“எடுங்க.”

தூசி தட்டி எடுத்தார். கறுப்புக் கைப்பிடி. ஓட்டை இல்லாத வழுவழுப்பான அடி. கூரான மூக்கு. தூக்கியதும் மணிக்கட்டு லேசாக இறங்கியது. அந்த இறக்கத்திலேயே அவளுக்குப் பிடித்துவிட்டது. நிமிர்த்தி வைத்து மேஜையைத் தட்டினாள். சாயவில்லை. முக்கோணத்தின் மேல் வைத்தாள், ஐந்து எண்ணினாள், எடுத்தாள். பக்கத்தில் வைத்தாள், எண்ணினாள், எடுத்தாள்.

“என்னுங்கம்மா, தேய்க்காம முத்திரை குத்தறீங்க?”

“இதுக்கு அப்புடித்தானுங்க. தேச்சா துணி நகந்துபோயிரும்.”

துணியைத் தூக்கிக் காட்டினாள். தையல் கத்தி மடிப்பு மாதிரி படிந்திருந்தது. மிக்ஸி அம்மாள் வாங்கிப் பார்த்துவிட்டு, “எனக்கும் இதுல ஒண்ணு எடுங்க” என்றாள். கடைக்காரர் தட்டிலிருந்த மீதிப் பெட்டிகளையும் மேஜைக்கு ஏற்றினார். “அம்மா, நீங்க தெனமும் வந்து இங்க நின்னுக்குங்க,” என்றார்.

சனிக்கிழமை காலை ராசப்பன் தானாகவே பீரோவைத் திறந்து மீதி வேட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். “எடுத்துக்க அம்மணி. நட்சத்திரத்துக்குப் போனதுன்னு இருக்கட்டும்.”

வெட்டினாள், தைத்தாள், வைத்தாள், எண்ணினாள், எடுத்தாள். பதினோரு மணிக்கு மூன்றாவது நட்சத்திரம் தரையில் கோலம் மாதிரி படுத்தது. பொற்கொடி அதைச் சுற்றி இரண்டு தடவை நடந்தாள். மூன்று மணிக்குள் நடுவில் பொருத்தித் தையல் ஓட்டிவிட்டாள். முடித்த பிறகு மொத்தப் போர்வையின் சுருக்கம் எடுக்கத் துபாய்ப் பெட்டியைக் கொண்டுவந்து, துணியில் படாமல் நாலு விரல் உயரத்தில் பிடித்து ஆவி மட்டும் காட்டினாள். அந்த வேலைக்கு அது அருமையாக இருந்தது. வேலை முடிந்ததும் தொட்டியைக் கவிழ்த்துக் காலி செய்தாள். கொஞ்சம் மனசு உறுத்தியதால் செம்பருத்திச் செடிக்கு ஊற்றினாள். ஐந்து மணிக்குப் போர்வை வெங்கடலட்சுமி அம்மாவின் கையில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நுழைந்தவர்கள் எல்லோரும் வாசலிலேயே நின்றார்கள். எதிர்ச் சுவரில் சிவப்பும் வெள்ளையுமாகப் போர்வை தொங்கியது. தஞ்சாவூர்ப் படம் பக்கச் சுவருக்குப் போயிருந்தது. போர்வைக்குக் கீழே வெள்ளை அட்டையில் கறுப்பு மையில் ஒரே வரி: “தைத்தவர்: பொற்கொடி, சிங்காநல்லூர்.”

பொற்கொடி தூண் ஓரமாக நின்றாள். கூட்டம் போர்வையைப் பார்த்தது. அவள் அட்டையைப் படிக்கிறவர்களைப் பார்த்தாள். சிலர் வாய்விட்டுப் படித்தார்கள். ஒருவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டாம் தடவை படித்தார். ராசப்பன் யாரோ ஒருவரிடம், “அந்த வெள்ளை என்ற வேட்டிங்க” என்று விளக்கிக்கொண்டிருந்தான்.

பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண் போர்வையின் ஓரத்தைப் புரட்டித் தையலைப் பார்த்துவிட்டு, அட்டையைப் பார்த்தாள். திரும்பிக் கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள்.

“இந்தப் பொற்கொடிங்கறது யாருங்க?”

பொற்கொடி தூணை விட்டு முன்னால் வந்தாள்.

“நானுங்க.”