நோயலின் மூணாவது சான்ஸ்

திட்டியிருக்கலாம். அசிங்கமாக நாலு வார்த்தை, தெருவே கேட்கிற மாதிரி திட்டியிருக்கலாம். கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால் இன்னும் நல்லது. நோயல் ரெண்டையும் செய்யவில்லை. நாலு வருஷமாக ஸ்டானிஸ்லாஸுக்கு அவன் மேல் இருக்கிற குறை அது ஒன்றுதான். தப்புப் பண்ணினவனை மன்னித்து விடு என்று சாமியார் பிரசங்கம் வைக்கலாம். திட்டு வாங்காமல் தப்பித்தவன் படுகிற பாடு அவருக்கு எங்கே தெரியும்?

அப்போது நோயல் துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர். காண்ட்ராக்ட் ஆள்தான், ஆனால் பத்தொன்பது வருஷம். கன்டெய்னர் அடுக்குகிற பெரிய கிரேன். ஆறு மாடி உசரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் ஒற்றை ஆள். கீழே நின்று கையாலும் வாக்கி-டாக்கியாலும் சிக்னல் கொடுக்கிறவன் ஸ்டானிஸ்லாஸ். ரெண்டு பேருக்கும் ராயபுரத்தில் ஒரே தெரு.

கீழே இருக்கும்போது நோயல் எதற்கும் பதறுகிற ஆள். பின்னால் லாரி ஹாரன் அடித்தால் தோள் ரெண்டும் காது வரைக்கும் ஏறிவிடும். சூப்பர்வைசர் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே கையில் இருக்கிறதைக் கீழே போட்டுவிடுவான். மேலே ஏறிவிட்டால் வேறு மனுஷன். முப்பது டன் பெட்டியைத் தூங்குகிற குழந்தையைப் பாயில் போடுகிற மாதிரி இறக்குவான்.

"இன்னாடா மந்திரம் அது?" என்று ஸ்டானிஸ்லாஸ் ஒருநாள் கேட்டான்.

"மேல எவன் கத்தறதும் கேக்காது மாமு. வாக்கில உன் கொரலு ஒண்ணுதான். அதுவும் பேஜாரா இருந்தா அமுக்கிட்டு கடலப் பாத்துகினு இருப்பேன்."

மேலே ஏறுகிறவர்களுக்கு வருஷத்துக்கு ஒருதரம் மெடிக்கல் உண்டு. பழைய டாக்டர் இருந்தவரைக்கும் ஆளை மேலும் கீழும் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார். அவர் போய்ப் புது டாக்டர் வந்ததும் கம்பெனி சட்டம் போட்டது. பிரஷர் நூத்தி நாற்பதைத் தாண்டினால் பாஸ் கிடையாது. வாரத்துக்கு ஒன்றாக மூணு சான்ஸ். மூணாவதும் போச்சு என்றால் அந்த வருஷம் கிரேனை மறந்துவிட வேண்டியதுதான்.

முதல் தரம் நர்ஸ் குணசுந்தரி கையில் பட்டையைச் சுற்றி பம்பை அமுக்கினாள். பட்டை இறுக இறுக நோயலுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. காதுக்குள் நெஞ்சு அடிக்கிற சத்தம். உள்ளங்கை ஈரம். ஒன்றுக்கு முட்டிக்கொண்டு வந்தது.

"நூத்தி எழுபத்திரெண்டு" என்றாள். "அண்ணே, இன்னாத்துக்கு மெர்சலாவுறீங்க? ஊசியா போடப் போறேன்? ஃப்ரீயா வுடுங்க."

ஃப்ரீயாக விடச் சொன்னதும் இன்னும் ஏறியது. அவன் பண்ணுகிற காரியமா அது? நெஞ்சு தானாக ஓடுகிறது. நில்லு என்றால் நிற்க அது என்ன மாநகரப் பேருந்தா?

வேடிக்கை என்னவென்றால், வீட்டில் அவன் பொண்டாட்டி சில்வியா இரவல் மிஷினில் பார்த்தபோது நூத்தி இருபத்தி நாலு. மறுநாளும் அதே. கம்பெனி ரூமில், அந்த ஸ்டூலில் உட்கார்ந்தால்தான் ஏறும். ஏன் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. டாக்டரிடம் சொல்லிப் பார்த்தான். "உங்க வூட்டு மிஷின்லாம் கணக்குல வராதுப்பா" என்று தலை நிமிராமல் சொல்லிவிட்டார்.

அந்த வாரம் தெருவே வைத்தியம் பார்த்தது. வாழைத்தண்டு ஜூஸ், உப்பில்லாத கஞ்சி, பூண்டு. யாரோ காலைக் குளிர்ந்த தண்ணீரில் வைக்கச் சொல்ல, சில்வியா பேசின் எடுத்து வைத்தாள். அவனும் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பார்க்கிறவன் எல்லாம் ஒரே பாட்டு: "டென்ஷனாவாத நோயலு." ரெண்டாவது சான்ஸில் நூத்தி எண்பத்தி நாலு.

சில்வியா அழவில்லை. அவள் அழாதது நோயலுக்கு இன்னும் பயமாக இருந்தது. ராத்திரியெல்லாம் பல்லை நறநறவென்று கடிக்க ஆரம்பித்தான்.

இங்கேதான் ஸ்டானிஸ்லாஸ் புகுந்தான். அவனுக்கு நிஜமாகவே பிரஷர் உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரியில் வாங்கிய மாத்திரை ஒரு பொட்டலம் வீட்டில் கிடந்தது. தலைவலி மாத்திரை, கேஸ் மாத்திரை, எல்லாம் இந்தத் தெருவில் கடன் கொடுக்கிற சாமான்தான், சர்க்கரை டம்ளர் மாதிரி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தான்.

"நைட்டு ஒண்ணு போடு. காலைல ரெண்டு போடு. மிஷின்ல நம்பரு பொத்துகினு கீழ வுழும்" என்றான்.

"ஒண்ணும் ஆவாதே?"

"நான் மூணு வருசமா துன்றேன். செத்தா பூட்டேன்? குண்டாட்டம் கீறேன்ல?"

நோயல் போட்டுக்கொண்டான். உப்பு சேரக் கூடாது என்று காலையில் ஒன்றும் சாப்பிடவும் இல்லை.

மூணாவது தரம் குணசுந்தரி பட்டையைச் சுற்றினாள். கதவோரம் நின்ற ஸ்டானிஸ்லாஸ் மிஷினையே பார்த்தான். நூத்தி எட்டு.

"அட, இன்னாண்ணே!" என்று அவளே சிரித்தாள். ஸ்டானிஸ்லாஸுக்கு விசில் அடிக்க வேண்டும் போல இருந்தது. நோயல் முகத்தில் மட்டும் ஒரு வெளிறல். சந்தோஷத்தில் வந்தது என்று நினைத்துக்கொண்டான் ஸ்டானிஸ்லாஸ், மடையன்.

டாக்டர் பேப்பரைத் திருப்பினார். "எழுந்திரு. கண்ணை மூடிகினு ஒத்தக் கால்ல நில்லு. பத்து எண்ணுவேன்."

மேலே ஏறுகிறவன் எல்லாருக்கும் உள்ள டெஸ்ட்தான். முதல் ரெண்டு தரமும் பிரஷரிலேயே துரத்திவிட்டதால் அதுவரைக்கும் போனதில்லை. ஸ்டானிஸ்லாஸுக்கு அது நினைவிலேயே இல்லை.

நோயல் ஸ்டூலில் இருந்து எழுந்தான். கண்ணை மூடினான். காலைத் தூக்கினான். டாக்டர் மூணு எண்ணுவதற்குள் மரம் மாதிரி சாய்ந்து, மருந்து அலமாரியில் தோள் இடித்துத் தரையில் விழுந்தான்.

தண்ணீர் தெளித்து உட்கார வைத்தார்கள். டாக்டர் கேட்டார், "இன்னைக்கு எதுனா மாத்திர போட்டியா?"

நோயல் கதவுப் பக்கம் பார்த்தான். ஸ்டானிஸ்லாஸ் வாயைத் திறந்திருக்கலாம். நான்தான் சார் குடுத்தேன் என்று ஒரு வார்த்தை. பிரஷர் மாத்திரை தின்றுவிட்டு ஏமாற்றினான் என்று எழுதினால் நோயலுக்கு வேலையே போகும், கொடுத்தவனுக்கும் போகும். அப்படித்தான் அன்றைக்குக் கணக்குப் போட்டான். இன்றைக்கு வரைக்கும் அந்தக் கணக்கு சரியா தப்பா என்று பிடிபடவில்லை.

"இல்ல சார். காலைல துன்னல. அதான்" என்றான் நோயல்.

டாக்டர் பேப்பரில் 'தலைசுற்றல்' என்று எழுதினார். பிரஷர் என்றால் அடுத்த வருஷம் திரும்ப வரலாம். தலைசுற்றல் என்று விழுந்துவிட்டால் ஆயுசுக்கும் மேலே ஏற முடியாது.

வெளியே வந்து ஸ்டானிஸ்லாஸ் காத்திருந்தான், திட்டுவான் என்று. "டீ சாப்புடலாமா?" என்றான் நோயல்.

கம்பெனி அவனை வெளி கேட்டில் போட்டது. எண்ணூர் ரோட்டில் இருந்து வரிசையாக வருகிற ட்ரெய்லர்களின் நம்பர் பார்த்து சீட்டுக் கிழிக்கிற வேலை. நாள் பூரா ஹாரன், புழுதி, "யோவ், சீக்கிரம் கிழி" என்று டிரைவர்கள் கத்தல். எதற்குப் பயந்து மேலே ஏறிக்கொண்டானோ அத்தனைக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

தோள் ஏறினது ஏறினபடியே நின்றுவிட்டது. சோறு இறங்குவதில்லை. இறங்கினாலும் நெஞ்செரிச்சல். ரெண்டாம் வருஷம் கடவாய்ப்பல் ஒன்று தூக்கத்தில் கடித்தே உடைந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் எல்லா டெஸ்டும் எடுத்துவிட்டு, உடம்பில் ஒன்றுமில்லை, மனசை லேசாக வைத்துக்கொள் என்று அனுப்பினார்கள். எப்படி வைப்பது என்று யாரும் சீட்டில் எழுதித் தரவில்லை.

சில்வியா ஒருதரம் ஸ்டானிஸ்லாஸைத் தெருவில் நிறுத்தினாள். "அண்ணே, உங்களாண்ட எதுனா மனசு வுட்டு பேசறாரா? வூட்ல செவுத்தப் பாத்துகினு குந்தினு கீறாரு."

"பேசறான், பேசறான்" என்று பொய் சொல்லிவிட்டு வந்தான். அந்த மாத்திரையைப் பற்றி அவளுக்கு இன்னும் தெரியாது.

போன மாதம் ஒரு மத்தியானம் ஸ்டானிஸ்லாஸ் கேட் வழியாகப் போனான். நோயல் நாற்காலியை விட்டு எழுந்து வந்து அவன் கையைப் பிடித்தான். உள்ளங்கை சொதசொதவென்று ஈரம். அந்த மூணாவது சான்ஸுக்குப் பிறகு அதுவரைக்கும் அவன் ஸ்டானிஸ்லாஸிடம் எதையும் கேட்டதில்லை.

"மாமு, ஞாயித்துக்கெழம ஷிப்டு மாறசொல்லோ கிரேன் காலியாத்தான கீது. ஏணிக் கதவு சாவி உன்னாண்டதான கீது. தொறந்து வுடு. பத்தே நிமிசம் மேல குந்திட்டு எறங்கிடறேன்."