அந்த மாட்டை யார் கறந்தது?

சந்தியாகு அண்ணன் போய்விட்டார் என்ற செய்தியை எங்கள் மாதா கோயில் உபதேசியார்தான் கொண்டுவந்தார். போன செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி இருக்கும். கப்பல் ஏஜெண்ட் அலுவலகத்தில் சரக்குப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே வரவில்லை. சைக்கிளில் ஒரு காலை ஊன்றியபடி சன்னல் வழியாகவே சொன்னார்.

"ஏலே ஜோசப்பு, சந்தியாகு வெள்ளனயே கண்ண மூடிட்டான். மஞ்சக்காமாலை முத்திப் போச்சு. சாயந்தரம் நாலரைக்கு அடக்கம்."

வருகிறேன் என்றேன். அவர் நகரவில்லை.

"நீ மட்டும் வந்தாப் போதாது. பெட்டிய டீம்தான் தூக்கணும்னு சொல்லிட்டுப் போயிருக்கான். எல்லாத்தையும் கூப்பிட்டுட்டு வா."

"நான் எதுக்குக் கூப்பிடணும்?"

"நீதானலே கடைசி கேப்டன்."

அவர் ஒன்றையும் மனதில் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். எனக்குத்தான் உறைத்தது. பேனாவை மூடிவிட்டு எழுந்தேன்.

சந்தியாகு அண்ணனைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. அவர் திரேஸ்புரம் கால்பந்து அணிக்கு ஆறு வருடம் கேப்டனாக இருந்தார். கரையிலிருந்து கப்பலுக்குச் சரக்கு கொண்டுபோகும் தோணியில் வேலை. கேப்டன் என்றதும் பெரிய ஆட்டக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். அவருக்குப் பந்து உதைக்கத் தெரியாது. பின்வரிசையில் இடது ஓரம் நிற்பார். எதிரணிக்காரன் அவரைத் தாண்டிப் போனபிறகு திரும்பிப் பார்ப்பார். அவர் உதைத்த பந்தைத் தேடிக் கடலுக்குள் இறங்கியவர்கள் எங்களில் உண்டு. நான் முன்வரிசையில் நடு ஆட்டக்காரன். நன்றாக ஆடுவேன். இனி இதைச் சொல்ல ஆள் கிடையாது என்பதால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

கடலோர ஊர்களுக்கு இடையே வருடாவருடம் நடந்த கால்பந்துப் பந்தயத்தை எங்கள் பக்கம் ஆரம்பித்து வைத்தவர் அப்போது இங்கே இருந்த அயர்லாந்துச் சாமியார். அவர் நாட்டில் ஆடுவது நம்முடைய கால்பந்து இல்லை. பந்தைக் கையாலும் பிடிப்பார்களாம், காலாலும் உதைப்பார்களாம். மட்டை வைத்து ஆடுவது வேறொன்று. எதுவானாலும் கூலி கிடையாது. பிறந்த பங்குக்காகத்தான், அதாவது தன் கோயிலைச் சேர்ந்த ஊருக்காகத்தான், ஆட வேண்டும். அந்த ஆட்டங்களின் கேப்டன்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் சாமியார் நிறுத்த மாட்டார். பெரிய பந்தயத்தில் ஜெயித்த கேப்டன் மேடையேறிக் கோப்பையை வாங்கி, கூடியிருக்கிற சனத்துக்கு முன்னால் நாலு வார்த்தை பேசியாக வேண்டுமாம். மறுநாள் விடிந்ததும் அதே கேப்டன் வாளியை எடுத்துக்கொண்டு மாடு கறக்கப் போய்விடுவானாம்.

கோயில் முற்றத்து மணலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த எங்களில் சந்தியாகு அண்ணன்தான் வாயைத் திறந்தார். "சாமி, பந்தயத்தன்னைக்கு அந்த மாட்ட யாரு கறந்தா?"

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். சாமியார் மட்டும் சிரிக்கவில்லை. "பக்கத்து வீட்டுக்காரர் கறந்திருப்பார் சந்தியாகு. அவர் பேர் எனக்குத் தெரியாது. யாருமே இதைக் கேட்டதில்லை" என்றார். அந்தக் கதையில் என் காதில் விழுந்தது கோப்பை. அண்ணன் காதில் விழுந்தது மாடு.

எங்கள் பந்தயத்துக்கும் சாமியார் அதே சட்டங்களை வைத்தார். பிறந்த இடத்துக்கே ஆட வேண்டும். ஜெயித்தாலும் தோற்றாலும் கேப்டன் மைக்கில் பேச வேண்டும். துரைப்பாண்டி குடும்பம் செம்மணல் தேரிக்காட்டுப் பக்கமிருந்து வந்தது. அவன் கோயிலுக்கு வருகிறவனும் இல்லை. ஆனால் எங்கள் தெருவில் பிறந்தவன், ஆகவே எங்கள் ஆள். கருப்பட்டிக் கடை அண்ணாச்சியிடம் வேலை பார்த்தான். அவனுக்கு ஒரு சாயங்காலம் விடுப்பு வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. பந்தய நாளில் சந்தியாகு அண்ணன் மதியமே கிளம்பிவிடுவார். முதலில் கடைக்குப் போய், அண்ணாச்சி ஓய்ந்து உட்காரும் வரை ஓரமாக நிற்பார். அடுத்து கோல் காக்கும் கோலி லாசரின் வீடு. வலை வேலை கிடக்கிறது என்று அவன் அம்மா ரோசம்மா அக்கா சத்தம் போடும். அண்ணன் பதில் பேசாமல் உட்கார்ந்து வலையில் அறுந்த இரண்டு கண்ணைப் பின்னிக் கொடுப்பார். பிறகு இன்னாசி வீடு. ராத்திரி வேலை முடித்துத் தூங்குகிறவனை, மாமனாரிடம் கேட்டுத் தட்டி எழுப்ப வேண்டும். இப்படி ஒன்பது வாசல். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. மைதானத்துக்குப் போனால் பதினோரு பேரும் நிற்பார்கள். அது இயல்பு என்று நினைத்திருந்தேன்.

முதல் முறை நாங்கள் ஜெயித்தபோது அண்ணன் கோப்பையை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு மைக்கின் முன்னால் நின்றார். தோணியிலிருந்து கூப்பிட்டால் கரைக்குக் கேட்கும் குரல் அவருடையது. அன்றைக்குக் கம்மிப் போய்விட்டது. "லாசர அனுப்பினது ரோசம்மா அக்கா. துரைப்பாண்டிய அனுப்பினது அண்ணாச்சி. இன்னாசிய அனுப்பினது அவன் மாமனாரு" என்று வரிசையாக ஒப்பித்தார். யார் கோல் போட்டார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. கோல் போட்டவன் நான். சனம் கைதட்டிச் சிரித்தது. நான் வயிறெரிந்து நின்றேன்.

அந்த எரிச்சல் ஆறவே இல்லை. ஆறாம் வருடம், இறுதிப் பந்தயத்துக்கு நாலு நாள் முன்னால், கடற்கரையில் எல்லோரும் கூடியிருந்தபோது, ஆடத் தெரிந்தவன்தான் கேப்டனாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. மணலைப் பார்த்துச் சொன்னேன். அண்ணனே கேட்டார்: "ஜோசப்பு சொல்லுதது நியாயந்தானலே. கை தூக்குங்க." முதல் கை அவருடையது. கேப்டன் கையில் கட்டும் வெள்ளைத் துணியை வீட்டுக்குப் போய்த் துவைத்துக் காயவைத்து, மறுநாள் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார்.

இறுதிப் பந்தயம் சனிக்கிழமை சாயங்காலம், பெரியதாழை அணியோடு. மைதானம் ஊரின் அந்தக் கோடியில். நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு, மேடையில் என்ன பேசுவது என்று தாளில் எழுதி வைத்துக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால் எட்டுப் பேர்தான் நின்றோம். லாசர் இல்லை, துரைப்பாண்டி இல்லை, இன்னாசி இல்லை. நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். பெரியதாழைக்காரர்கள் பந்தை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார்கள். கோலி இல்லாத அணிக்கு நான் கேப்டன்.

அண்ணனிடம் பாய்ந்தேன். "ஏன் யாரையும் கூப்பிடல?"

"நீ கேப்டன்லா. நான் போயிக் கூப்பிட்டா ஒன்ன மதிக்காத மாதிரி ஆயிரும். நீ கூப்பிட்டிருப்பேன்னு நெனச்சேன்."

குத்திக்காட்டிய பேச்சில்லை அது. அவருக்கு அந்தப் பேச்சு வராது. அந்த முகத்தில் ஒரு கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கேட்டார்: "போவட்டுமா? நீ சொன்னாத்தான் போவேன்."

நான் உடனே சொல்லவில்லை. நடுவர் விசில் ஊதிய பிறகுதான், "போங்க அண்ணே" என்றேன். யாருடைய சைக்கிளையோ வாங்கிக்கொண்டு போனார். ஏழு பேராக நாங்கள் முதல் பாதி ஆடி இரண்டு கோல் வாங்கினோம். இடைவேளை முடிகிற நேரத்தில் அவர் வந்துசேர்ந்தார். சைக்கிளின் முன்கம்பியில் துரைப்பாண்டி, பின்னால் இன்னாசி, நடுவில் சட்டையெல்லாம் நனைந்து அண்ணன். லாசர் மீன் வாடையோடு பின்னாலேயே ஓடிவந்தான். பதினோரு பேரானோம். நான் இரண்டு கோல் போட்டேன். கடைசியில் அவர்கள் இன்னொன்று போட்டுவிட்டார்கள்.

தோற்ற கேப்டன் மைக்கைப் பிடித்தேன். எழுதி வைத்திருந்த தாள் பயன்படவில்லை. தரை சரியில்லை என்றேன். எதிர்க்காற்று என்றேன். முதல் பாதியில் ஆள் குறைவு என்றேன். பிறகு எப்படிப் பதினோரு பேரானோம் என்று சொல்லவில்லை. மேடைக்குக் கீழே சந்தியாகு அண்ணன் பந்திலிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவர் பெயரைச் சொல்ல ஒரு மூச்சு போதும். நான் சொல்லவில்லை. இறங்கி வந்ததும் முதுகில் தட்டி, "நல்லாத்தாம்ல வெளாண்ட" என்றார்.

அதன்பிறகு அணி கூடவே இல்லை. புதுத் துறைமுக வேலைக்குச் சிலர் போனார்கள், கப்பலுக்குச் சிலர். சாமியாரும் உடம்பு முடியாமல் தன் நாட்டுக்குத் திரும்பினார். அண்ணனைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் அன்றைக்கு மைக்கில் விட்டதை இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். "என்னலே, சொகமா இருக்கியா?" என்பார். இருக்கேன் அண்ணே என்பேன். அவர் போய்விடுவார். இப்படியே நாலைந்து வருடம் ஓடிவிட்டது.

ஆகவே செவ்வாய்க்கிழமை நான் சைக்கிளை எடுத்தேன். உச்சிவெயில். அண்ணாச்சி கடைக்குப் போய் அவர் ஓயும் வரை நின்றேன். "சந்தியாகு வந்து நின்னா நான் இல்லேன்னு சொன்னதே கெடையாது" என்றார் அண்ணாச்சி. "கடேசிப் பந்தயத்தன்னைக்குத்தான் யாரும் வந்து கேக்கல. பாதி ஆட்டத்துல ஓடியாந்தான் பாவம். துரைப்பாண்டிய இப்பவே கூட்டிட்டுப் போ." ரோசம்மா அக்காவுக்குச் செய்தியே எட்டியிருக்கவில்லை. என்னைப் பார்த்ததும், "நீ வந்திருக்க? சந்தியாகு எங்க?" என்று கேட்டது. நான் பதில் சொல்வதற்குள் அதுவே புரிந்துகொண்டு, வலையை அப்படியே போட்டுவிட்டு அழ ஆரம்பித்தது. இன்னாசியைத் தட்டி எழுப்பினேன். மூன்று மணிக்கு, இனி மிதிக்க முடியாமல், ஒரு வேப்பமரத்தடியில் சைக்கிளைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டேன். ஆறு வருடம், ஒவ்வொரு பந்தயத்துக்கும், இந்தச் சுற்றை நடந்தே சுற்றியிருக்கிறார். முடித்துவிட்டு வந்து ஆடவும் செய்திருக்கிறார். பந்து அவரைத் தாண்டிப் போனதில் என்ன ஆச்சரியம்?

அண்ணன் போக அணியில் மிச்சமிருந்த பத்துப் பேரில் இரண்டு பேர் கப்பலில், ஒருவன் பம்பாயில். மீதி ஏழு பேரும் வந்தோம். ஆறு பேர் தூக்க, ஒருவர் மாற்றி ஒருவர் தோள் கொடுத்தோம். அவ்வளவு அலைந்த உடம்பு, கனமே இல்லை.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு திரேசா மைனியிடம் போனேன். அண்ணனிடம் சொல்லாததை அவர் மனைவியிடமாவது சொல்லிவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். "மைனி, அந்தக் கடேசிப் பந்தயத்துல, அண்ணனப் பத்தி நான் மைக்குல…" என்று ஆரம்பித்தேன். மைனி முடிக்க விடவில்லை.

"எனக்குத் தெரியும்லா தம்பி. கைப்பிள்ளய வச்சுக்கிட்டு நான் வரல. வந்த ஒடனே அவிய எங்கிட்டச் சொன்னாவ. 'ஏளா, ஜோசப்பு அம்புட்டு சனத்துக்கு முன்னால எம்பேரச் சொல்லி நன்றி சொன்னான்'னாவ. முகமெல்லாம் சிரிப்பு. தோத்துட்டு வந்த ஆளு மாதிரியே இல்ல."

நான் தலையாட்டினேன். வேறென்ன செய்ய? அந்த வீட்டில் அன்றைக்கு அதைத் திருத்த எனக்குத் தைரியமில்லை.

இனி அவரிடமிருந்து என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: துவைத்துக் கொடுத்த ஒரு வெள்ளைத் துணி, ஒன்பது வாசல்களின் வரிசை, எனக்காக அவர் வீட்டில் சொன்ன ஒரு பொய். முதல் இரண்டையும் வைத்துக்கொள்கிறேன். மூன்றாவதை வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. மைனி, இதை யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டுவார்கள். அன்றைக்கு நான் அவர் பெயரைச் சொல்லவில்லை. இன்றைக்குத்தான் சொல்கிறேன். லாசரை அனுப்பியது ரோசம்மா அக்கா. துரைப்பாண்டியை அனுப்பியது அண்ணாச்சி. இன்னாசியை அனுப்பியது அவன் மாமனார். அவர்கள் எல்லோரிடமும் போய் நின்று கேட்டது எங்கள் கேப்டன், சந்தியாகு அண்ணன்.