நண்டு லொறியை மறித்த விமானம்

உயிர் நண்டு ஏற்றும் லொறிக்குக் குளிர்பெட்டி கிடையாது என்றால், புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் நம்புவதில்லை. ஐஸில் வைத்தால் களப்புச் சேற்றில் பிடித்த நண்டு விறைத்துச் செத்துவிடும். காலைக் கட்டி, ஓட்டை போட்ட பெட்டிகளில் ஈரச் சாக்கோடு அடுக்கி, லொறியின் இரண்டு பக்கத் தறப்பாளையும் சுருட்டிவிட்டு ஓட வேண்டும். ஓடும்போது அடிக்கிற காற்றுத்தான் அதற்கு உயிர். வெயிலில் லொறி நின்றால் நண்டு போச்சு.

அன்று கட்டுநாயக்காவில், விமான நிலையத்தின் சரக்கு வாசலுக்குப் போகும் வீதியில் என் லொறி நின்றுவிட்டது. விபத்தாக்கும் என்று இறங்கிப் பார்த்தேன். வேலி நெடுகக் கார், மோட்டார் சைக்கிள், ஏணி, கமரா. ராட்சத சரக்கு விமானம் ஒன்று வரப்போகிறதாம், அதைப் படம் பிடிக்க வந்த கூட்டம். ஒருவர் தன் வான் வண்டியை வீதிக்குக் குறுக்கே விட்டு, அதன் கூரையில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். பொலிஸ்காரரிடம் முறையிடப் போனால், அவரும் ஃபோனை வானத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றார்.

எனக்குத் தலை கொதித்தது. அதற்கு முந்திய தடவை இரண்டு பெட்டி நண்டு செத்துத்தான் போய்ச் சேர்ந்தது. இனியும் அப்படி வந்தால் மன்னார் நண்டே வேண்டாம் என்று சிங்கப்பூரில் வாங்குகிறவர் சொல்லிவிட்டார். பாப்பாமோட்டைப் பக்கம் சேற்றில் இறங்கி நண்டுக் கூடு வைக்கிற பெண்களுக்கு அவரை விட்டால் வேறு ஆள் இல்லை. முதலாளியோ விட்டு விட்டு ஃபோன் எடுத்து, வாசலுக்குப் போயாச்சா என்று என் உயிரை வாங்கினார்.

வாயில் வந்தபடி எல்லோரையும் திட்டினேன். என் ஊர்ப் பேச்சைக் கேட்டு, கழுத்தில் கமராவோடு ஒருவர் ஓடி வந்தார்.

"நானா, மன்னாரோ?" என்று அண்ணன் முறை சொல்லிக் கேட்டார்.

தலைமன்னாரில் படிப்பிக்கிற மாஸ்டராம். இந்த விமானத்துக்காகவே லீவு போட்டுவிட்டு பஸ் பிடித்து வந்தவராம். எனக்கு அவர் மேலும் எரிச்சல்தான் வந்தது. நண்டு விஷயத்தைச் சொல்லி, அவருடைய ஆட்களை விலகச் சொல்லும்படி கேட்டேன்.

அவர் என் நண்டு போக வேண்டிய விமானம் எது என்று கேட்டு, ஃபோனில் தேடினார். பெரியது இறங்கும் வரை மற்றவற்றை மேலேயே சுற்ற விட்டிருக்கிறார்களாம். என் விமானமும் இன்னும் தரை இறங்கவில்லையாம்.

"இப்ப உள்ள போனாலும் பெட்டியள் வெயிலுக்கதான் கிடக்கும். லொறியைத் திருப்புங்கோ. உங்கட விமானம் இறங்குமட்டும் நாங்களும் சுத்துவம்."

அந்த ஊர்ச் சந்து ஒழுங்கைகள் எனக்குத் தெரியாது. ஃபோனைப் பார்த்துக்கொண்டு ஓட்டவும் வராது. மாஸ்டரே முன் சீட்டில் ஏறி வழி சொன்னார். மேலே விமானங்கள் சுற்ற, கீழே நாங்கள் சுற்றினோம். இடையில் ஒரு தடவை மட்டும் நிறுத்தி, பிளாஸ்டிக் கானில் கொண்டுவந்த கடல் தண்ணீரைச் சாக்குகளில் தெளித்தோம்.

மறுபடி ஓடத் தொடங்கியதும் அந்தச் சத்தம் வந்தது. லொறிக் கண்ணாடி அதிர்ந்தது. இரண்டு பக்கமும் மாடி வீடுகள். நடுவில் தெரிந்த துண்டு வானத்தில் ஒன்றுமில்லை. சொன்ன நேரத்துக்கு முந்தியே வந்துவிட்டது அந்த விமானம். மாஸ்டர் அடுத்த ஒழுங்கைக்குத் திருப்பச் சொன்னார். பிறகு ஃபோனைப் பார்த்தார்.

"உங்கட விமானமும் இறங்கிட்டுது. இனி வாசலுக்கு விடுங்கோ."

கூட்டம் கலைந்து வழி கிடைத்தது. பெட்டிகளைத் திறந்தபோது நண்டுகள் கண்ணை ஆட்டின. முதலாளிக்குச் சொல்லிவிட்டு மாஸ்டரின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பெரிய விமானம் திரும்பிப் போகும்போதாவது பார்க்கலாமே என்றேன்.

"நாளைக்குப் பள்ளிக்கூடம் நானா. சத்தம் கேட்டனான்தானே."

என் லொறியிலேயே மன்னாருக்குத் திரும்பினார். எத்தனை எஞ்சின், எத்தனை சில்லு என்று வழி முழுக்க அதையே சொல்லிக்கொண்டு வந்தார். வேறு நாளாயிருந்தால் வாயை மூடச் சொல்லியிருப்பேன்.

வீதியை மறித்து வானம் பார்க்கிறவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம்தான். ஆனால் திட்டுவதற்கு முன், என் விமானம் எங்கே நிற்கிறது என்று அவர்களிடம் கேட்கப் பழகிக்கொண்டேன். அதை எனக்குப் பழக்கிய மனிதர் அன்று தன் விமானத்தைப் பார்க்கவேயில்லை.