ஏற்றத்தில் இறங்கிய குதிரை

என் அண்ணனுக்கு என் சிநேகிதியைப் பேசி முடித்தது நான்தான். பாலக்கோட்டுக்காரி. சம்மதம் கேட்கப் போனபோது, "உங்கண்ணன் குதிரையில வந்தா கட்டிக்கறேன்டி" என்றாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத நான், சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அதற்குள் அவள் சொந்தக்காரப் பெண்கள், "இண்டூர்க்காரரு குதிரையில வர்றாராமே!" என்று சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். இனி குதிரை வராவிட்டால் போவது என் மானம்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மே மாதம். தருமபுரியில் ஜட்கா ஓட்டுகிறவரின் வெள்ளைக் குதிரை கிடைத்தது. "பாலக்கோடு வரைக்கும் நடந்தா குதிரை படுத்துக்கும்ங்க, வண்டியில ஏத்திக்கிட்டுப் போங்க" என்று சொல்லி, காய்ச்சலில் கிடந்த அந்த மனிதர் கயிற்றை மட்டும் கையில் கொடுத்தார். வண்டி, சித்தப்பாவின் டிராக்டரும் டிரெய்லரும். அந்த வாரம் பார்த்து பங்கில் 'டீசல் இல்லை' என்று போர்டு தொங்கியது.

"டேங்க்ல இருக்கறதே போதும் அண்ணி. நான் ஓட்டற ஓட்டுக்கு மிச்சமே வரும்" என்று அம்மாவிடம் சொன்னார் சித்தப்பா. காற்று பிடிக்குமென்று தார்ப்பாயைக் கழற்றி எறிந்தார். இறக்கத்தில் இன்ஜினை அணைத்து உருட்டினார். பிரேக் போடுவதை அவர் கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டிய குற்றமாகவே நினைத்தார்.

கிளம்பும்போது, டிரெய்லர் உயரத்துக்கு இருந்த வயல் வரப்பை ஒட்டி அதை ரிவர்ஸ் எடுத்ததும் குதிரை வரப்பிலிருந்து மரியாதையாக உள்ளே நடந்து வந்தது. பட்டுச்சேலைகளோடு நாங்கள் அதன் பக்கத்தில் வைக்கோலில் உட்கார்ந்தோம். ஏற்றம் வந்தால் போதும், "எறங்குங்க, எறங்குங்க!" என்று சத்தம். அம்மா, அத்தைகள், கோட்டு போட்ட மாப்பிள்ளை என்று எல்லோரும் குதித்து, நடந்து, மேலே போய் மறுபடி ஏறுவோம். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

பெரிய ஏற்றம் ஒன்று வந்தது. சித்தப்பா திரும்பிக் குதிரையைப் பார்த்தார்.

"நம்ம எல்லாரையும் வுட இதுதான வெயிட்டு? இதையும் எறக்குங்க."

பின்பலகையைத் திறந்தோம். குதித்தது. சமர்த்தாக எங்களோடு ஏறியும் வந்தது. உச்சிக்குப் போன பிறகுதான் உறைத்தது, திரும்ப ஏற்ற அதேபோல உயரமான வரப்பு வேண்டும். கண்ணுக்கெட்டிய தூரம் இரண்டு பக்கமும் தரைமட்டமான கொல்லை நிலங்கள். சித்தப்பா முன்காலைத் தூக்கிப் பார்த்தார். நான் பின்னால் நின்று தள்ளினேன். குதிரை திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தது, அவ்வளவுதான்.

"ஏறி ஒக்காருடா" என்றாள் அம்மா அண்ணனிடம். கழுதைமேல்கூட ஏறியறியாத அண்ணன் ஏறினான். கயிறு என் கையில். டிராக்டராவது முன்னால் போகட்டும் என்றால் அம்மா விடவில்லை. "மாப்பிள்ளைய பின்னால வுட்டுட்டு நாம முந்திப் போவறதா? ஊரு சிரிக்கும்."

எனவே குதிரைக்குப் பின்னால் டிராக்டர் ஃபர்ஸ்ட் கியரில் ஊர்ந்தது. வழியெல்லாம் மிச்சம்பிடித்த டீசலை அது மொத்தமாகக் குடித்துத் தீர்த்தது. "அடி வெரசா இழும்மா, வயிறு எரியுது!" என்று சித்தப்பா கத்திக்கொண்டே வந்தார். பாலக்கோட்டு எல்லையில் இன்ஜின் இருமி நின்றது.

அப்போது மாதா கோயில் மணி கேட்டது. கல்யாணப் பூசைக்கான மணி! எல்லோரும் ஓடினோம். வெயிலுக்கு அத்தைகள் புங்கங்கொப்பை ஒடித்துத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டார்கள். மணிச்சத்தத்தில் குதிரைக்கும் என்ன தோன்றியதோ, அதுவும் ஓட, கயிற்றோடு நான் பறந்தேன்.

கோயில் வாசலில் நின்ற பங்குச் சாமியார், கொப்பும் கையுமாக வந்த எங்களையும் குதிரைமேல் இருந்த அண்ணனையும் மேலும் கீழும் பார்த்தார். "ஏசு கழுதைமேல வந்த குருத்தோலை ஞாயிறு போன மாசமே முடிஞ்சிருச்சேப்பா!"

அவர் பின்னால் கல்யாணப்பெண் வாயைப் பொத்தி நின்றாள். என் காதருகே வந்து, "வெளையாட்டுக்குத்தான்டி சொன்னேன். குதிரை வராட்டியும் கட்டியிருப்பேன்" என்றாள். கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் அவள் கண் நிறைந்திருந்தது. எனக்கும் சந்தோஷத்தில் அழுகை முட்டியது. நடந்ததையெல்லாம் விருந்துப் பந்தியில் அவளுக்குச் சொல்லித் தீர்த்தேன்.

சாயங்காலம் யாரோ ஒரு கேன் டீசல் கொடுத்தார்கள். நல்ல வரப்பாகப் பார்த்துக் குதிரையை ஏற்றிக் கிளம்பினோம். முதல் ஏற்றம் வந்தது. சித்தப்பா திரும்பிப் புதுப்பெண்ணைப் பார்த்தார். முதல் நாளே அவளை இறங்கச் சொல்ல அவருக்குக் கூச்சம், பாவம்.

அவள் எழுந்து கொசுவத்தைத் தூக்கிச் செருகினாள்.

"ஏத்தம் வந்திருச்சுங்க மாமா" என்று சொல்லிவிட்டு முதல் ஆளாகக் குதித்தாள்.